பந்திக்கு முந்து... கப்பலுக்குமா?

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். கப்பல் பயணத்தைப் பத்தி எப்ப எழுதப்போறேன்னு ரெண்டு மூணு பேர் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. படங்கள், சாப்பாட்டுக் கதை எல்லாம் அடுத்த பதிவுல. இன்னைக்கு, கப்பல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி நடந்ததைப் பத்தி மட்டும். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல, க்ரூஸ் போகாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்தச் சொகுசுக் கப்பல்ல ஏற டிக்கெட் மட்டும் போதாது. பயணத்துக்கு சில வாரம் முன்னாடி ஆன்லைன்ல செக்-இன் பண்ணணும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரெண்டு வாரத்துல இருந்து ஒண்ணரை மாசம் வரைக்கும். பாஸ்போர்ட் விவரம், போட்டோ எல்லாம் ஏத்தின பிறகு 'நீங்க துறைமுகத்துக்கு வர வேண்டிய நேரம்'னு அரை மணி நேர ஸ்லாட் ஒண்ணை எடுக்கணும். 11:00 - 11:30, 12:30 - 1:00 இப்படி. அதை போர்டிங் பாஸ்ல கொட்டை எழுத்துல போடுவாங்க. 'இந்த நேரத்துக்கு முன்னாடி வராதீங்க, வந்தா காத்திருக்க வேண்டி வரும்'னு மிரட்டி ரெண்டு மெயிலும் வரும்.

இப்ப கொசுவத்தி. 2025 ஜூலை, மியாமி. மதுரைல இருந்து வந்திருந்த அம்மா, தங்கமணி, பொண்ணு, நான். அம்மாவுக்கு 72 வயசு. முட்டி ரெண்டும் மக்கர். பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியாது. ஆனா வீல்சேர்னு சொன்னா கோபம் வந்துடும். "நான் என்ன நோயாளியாடா?"ம்பாங்க. அதனாலதான் நான் ராத்திரி 12 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு, செக்-இன் திறந்த உடனே உட்கார்ந்து 12:30 ஸ்லாட் எடுத்தேன். 11 மணிக்கு ஓட்டலைக் காலி பண்ணிட்டு, நிதானமா ஒரு சாப்பாடு, அப்புறம் துறைமுகம். 'ஸ்லாட் இருக்கு, நிக்க வேண்டி வராது'ன்னு முழுசா நம்பினேன்.

12:25-க்குப் போய் இறங்கினோம். டெர்மினலுக்கு வெளியிலயே வரிசை, பாதிக்கு மேல வெயில்ல. மியாமி ஜூலை வெயில் எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்களுக்கு விளக்கவே வேணாம், அதே புழுக்கம்.

வரிசையை ஒழுங்கு பண்ணிட்டிருந்த பொண்ணுகிட்ட போர்டிங் பாஸைக் காட்டினேன். பாக்கவே இல்ல. "எல்லாரும் ஒரே வரிசைதான் சார்". 12:30-க்குத் தனி வரிசை இல்லையான்னு கேட்டேன். சிரிச்சாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. காலைல இருந்து அதே வெயில்ல நிக்கிறவங்க.

எங்களுக்கு முப்பது பேருக்கு முன்னாடி தெரிஞ்ச முகம் ஒண்ணு. எங்க ஊர் தமிழ்ச் சங்கத்துல பாத்த நண்பர், குடும்பத்தோட. கையாட்டினார். உங்களுக்கு எத்தனை மணி ஸ்லாட்னு கேட்டேன். "எங்களுக்கு 2 மணி. என்ன பாஸ், நீங்க டைம் பாத்தா வந்தீங்க? அதெல்லாம் சும்மா போடறது. யாரும் செக் பண்ண மாட்டாங்க."

கெட்டவர் இல்லைங்க அவர். அம்மா நிக்க முடியாம தவிக்கறதைப் பாத்துட்டு தண்ணி பாட்டிலோட ஓடி வந்தார். "அம்மாவை மட்டும் எங்களோட முன்னாடி அனுப்புங்க"ன்னார். அம்மா போகல. "பின்னாடி நிக்கிறவுக என்ன நினைப்பாக? வேணாம்ப்பா"ன்னு சொல்லிட்டு நடைபாதை ஓரத் திண்டுல உட்கார்ந்தாங்க. வரிசை நகர நகர எந்திரிச்சு, அடுத்த திண்டு தேடி, திரும்ப உட்கார்ந்து. ஐம்பது நிமிஷம்.

இதுல என் தப்பும் இருக்கு. உதவி கேட்டு முன்கூட்டியே எழுதியிருந்தா சக்கர நாற்காலி கிடைச்சிருக்கும், அம்மா கோபப்பட்டாலும். எழுதல. ஏன்னா அந்தத் தாளை நம்பினேன்.

அன்னைக்குச் சாயங்காலம் முட்டி வீங்கிடுச்சு. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பற நேரம் மேல்தளத்துல நின்னு பாக்கணும்ங்கறதுதான் அம்மாவோட ஆசை. நாலு மாசமா அதைத்தான் பேசிட்டிருந்தாங்க. எங்க ரூமுக்கு ஜன்னல் கிடையாது (விலை கம்மி, ஹிஹி). கப்பல் நகந்தப்ப அம்மா கட்டில்ல காலைத் தூக்கி தலகாணி மேல வச்சுட்டுப் படுத்திருந்தாங்க. "ஏண்டா தம்பி, கிளம்பிருச்சா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

நிற்க. என் சொந்த சோகத்தைச் சொல்லி இரக்கம் தேட வரல. இந்த ஸ்லாட் எதுக்காக வந்துச்சு, ஏன் கெட்டுப் போச்சு, யார் கெடுத்தாங்கங்கறதுதான் மேட்டர்.

கப்பல் கரைல நிக்கிற நாள் இருக்கே, அது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. விடியக்காலை கப்பல் வந்து சேரும். உள்ள இருக்கற பழைய கூட்டம் மொத்தமா இறங்கணும். அமெரிக்கத் துறைமுகத்துல பழைய பயணிகள் கடைசி ஆள் வரை இறங்கி, உள்ள பயணிகள் எண்ணிக்கை பூஜ்யம்னு கணக்குக் காட்டின பிறகுதான் புது ஆளை ஏத்தலாம். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையோட விதி. இலை எடுத்து மேசை துடைச்சாத்தான் அடுத்த பந்தி. இதெல்லாம் முடிய காலைல பத்தரை, பதினொண்ணு ஆயிடும். சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பணும். கிளம்பறதுக்கு குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடி பயணிகள் பட்டியலை அரசாங்கத்துக்கு அனுப்பியாகணும். அதனால செக்-இன் கதவை அதுக்கும் முன்னாடியே சாத்திடுவாங்க. கைல இருக்கறது மிஞ்சிப்போனா நாலு மணி நேரம்.

இப்ப கணக்கைப் பாருங்க. 2024 ஜனவரில மியாமில இருந்து ஓட ஆரம்பிச்ச 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பல்ல ரூமுக்கு ரெண்டு பேர்னு வச்சாலே 5,610 பேர். முழுக்க நிரப்பினா 7,600 பேர். சின்ன கணக்கையே எடுத்துக்குவோம். 5,600 பேர், நாலு மணி நேரம். மணிக்கு 1,400, நிமிஷத்துக்கு 23 பேர். எல்லாரும் அவங்கவங்க நேரத்துக்கு வந்தா வரிசையே வேணாம், நடந்து போய்க்கிட்டே இருக்கலாம்.

ஆனா பாதிப்பேர், அதாவது 2,800 பேர், முதல் ஒரு மணி நேரத்துலயே வந்து குவிஞ்சா? 1,400 பேர் உள்ள போவாங்க, 1,400 பேர் வெளிய நிப்பாங்க. மீதி 2,800 பேரும் ஒழுங்கா மூணு மணி நேரத்துல பிரிஞ்சு வந்தாலும் அந்தப் பாக்கி உடனே தீராது. ரெண்டாவது மணி முடியும்போது வர்றவருக்கு நாப்பது நிமிஷம் காத்திருப்பு. மூணாவது மணி முடியும்போது வர்றவருக்கு இருபது. கடைசி ஆள் ஏறும்போதுதான் கணக்கு நேராகும். காலைல அவசரப்பட்ட கூட்டத்தோட கடனுக்கு நாள் பூரா மத்தவங்க வட்டி கட்டணும். எங்க அம்மா கட்டினது ஐம்பது நிமிஷ வட்டி.

ரோட்டையும் சேர்த்துக்குங்க. மியாமி துறைமுகம் ஒரு தீவுல இருக்கு. 2014-ல சுரங்கப்பாதை திறக்கற வரைக்கும் வண்டி போக ஒரே பாலம். இப்பவும் பாலம் ஒண்ணு, சுரங்கம் ஒண்ணு, அவ்வளவுதான். வார இறுதில ஒரே நாள்ல பல பெரிய கப்பல்கள் நிக்கும். ஒவ்வொண்ணுலயும் ஆயிரக்கணக்குல இறங்கி, ஆயிரக்கணக்குல ஏறணும். இறங்கினவங்க வண்டி வெளிய வரதுக்குள்ள ஏற வேண்டியவங்க வண்டி உள்ள வந்து அடைச்சா யாரும் எங்கயும் நகர முடியாது.

நேரம் குறிச்சுக் கொடுக்கற பழக்கம் சில கம்பெனிகள்ல முன்னாடியே இருந்துச்சு. கோவிடுக்கு அப்புறம்தான் இது கண்டிப்பாச்சு. 2020 பிப்ரவரில யோகோஹாமால நின்ன 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 3,711 பேர்ல 712 பேருக்குத் தொத்திக்கிச்சு. 2021-ல அமெரிக்காவுல கப்பல்கள் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப, டெர்மினல்ல கூட்டம் சேரவே கூடாதுன்னு ஸ்லாட்டை ஒழுங்கா அமல்படுத்தினாங்க. முன்னாடி வந்தா திருப்பி அனுப்பினாங்க. அப்ப முடிஞ்சுது. அதாவது, செய்யத் தெரியாதவங்க இல்ல இவங்க. பயம் போனதும் விட்டுட்டாங்க. தாள்ல மட்டும் அந்த நேரம் இன்னும் கொட்டை எழுத்துல இருக்கு.

என் சண்டை இங்கதான். ஒரு விதியைப் போட்டுட்டு அமல்படுத்தாம விடறது, விதியே இல்லாம இருக்கறதை விட மோசம். விதியே இல்லைன்னா நானும் அம்மாவைக் கூட்டிட்டு பத்து மணிக்கே போயிருப்பேன், இல்ல வீல்சேருக்கு எழுதியிருப்பேன். எல்லாருக்கும் ஒரே கஷ்டம். விதி இருந்து காவல் இல்லைன்னா, அது யாரைக் கட்டுப்படுத்துது? நம்பினவனை மட்டும். மீறினவனுக்கு அதே விதி லாபம், ஏன்னா நம்பின முட்டாளுங்க எல்லாம் லேட்டா வருவாங்க, முன்னாடி இடம் காலி!

அடுத்து, வழக்கமா வர்ற சப்பைக்கட்டுகள்.

சப்பைக்கட்டு 1: "ஓட்டல்ல 11 மணிக்கே துரத்திடறான், நாங்க எங்க போறது?"

நியாயமான கேள்வி. எங்களையும்தான் துரத்தினான். பெட்டியை ஓட்டல் லாபில வச்சுட்டு வெளிய போய் சாப்பிட்டோம். எல்லாராலயும் அது முடியாது, ஒத்துக்கறேன். காலைல ப்ளைட் வந்து இறங்கறவங்க, கைக்குழந்தைக்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது நிழல், நாற்காலி, பாத்ரூம். முன்னாடி வர்றது தப்பில்ல. முன்னாடி வந்துட்டு, நேரத்துக்கு வந்தவனுக்கு முன்னாடி நிக்கறதுதான் தப்பு. ரெண்டும் வேற வேற.

சப்பைக்கட்டு 2: "காசு கொடுத்திருக்கேன், ஒரு நாள் முழுசா அனுபவிக்க வேணாமா?"

அண்ணே, பின்னாடி நிக்கிறவனும் காசு கொடுத்துதான் வந்திருக்கான். சீக்கிரம் ஏறி என்ன கிடைக்குது? பெரும்பாலான கப்பல்ல ரூம் தயாராகவே ஒரு மணி, ஒண்ணரை ஆகும். அதுவரைக்கும் கைப்பையைத் தோள்ல மாட்டிட்டு பஃபேல தட்டு ஏந்தி நிக்கணும். பந்திக்கு முந்துன்னு நம்ம பெரியவங்க சொன்னது இதைத்தான் போல. :) ஒரு தட்டு சாப்பாட்டுக்காக அடுத்தவன் வீட்டுக் கிழவியை வெயில்ல நிறுத்தறோம்.

சப்பைக்கட்டு 3: "அவங்களே கேக்கறதில்ல, உனக்கென்ன?"

இதுதான் ரொம்ப ஆபத்தானது. பிடிக்க ஆள் இல்லைன்னா தப்பு இல்லையா? கப்பல் விஷயத்துல நேரத்தை 'சும்மா போடறது'ன்னு பழகறது எங்க கொண்டு விடும்னு நினைக்கறேன். 2012 ஜனவரி 13, இத்தாலில 'கோஸ்டா கான்கார்டியா' பாறைல மோதி 32 பேர் செத்தாங்க. அன்னைக்குச் சாயங்காலம் புதுசா ஏறியிருந்த பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அடுத்த நாள்தான் வச்சிருந்தாங்க. 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு அப்போதைய விதி. 2015-ல இருந்து கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி, இல்ல கிளம்பின உடனே, நடத்தியாகணும்னு சர்வதேச விதி மாறிச்சு. இப்ப பல கப்பல்கள்ல ஏறினதும் போன்ல வீடியோ பாத்துட்டு, நமக்கான கூடுமிடத்துக்குத் தனித்தனியாப் போய் பதிவு பண்ணணும். கூட்டம் சீரா வந்தாத்தான் அங்க நிக்கிற சிப்பந்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு விளக்க முடியும். வரிசைல ஏமாத்தினதுக்கும் கப்பல் மூழ்கறதுக்கும் முடிச்சுப் போடல. ஆனா 'நேரம் சும்மா, பயிற்சி சும்மா'ன்னு சொல்றது ஒரே வாய்தான்.

இது வரைக்கும் பயணிகளைத் திட்டினேன். பெரிய குற்றவாளி கம்பெனிதான். மெயில்ல மிரட்டத் தெரியுது, வாசல்ல ஒரு பலகை வைக்கத் தெரியல. அதுக்குக் காரணமும் இருக்கு. சீக்கிரம் ஏறினவன் சீக்கிரமே பார்ல உட்காருவான், சீக்கிரமே செலவு பண்ணுவான். அவனை எதுக்குத் தடுக்கணும்? இன்னொரு பக்கம் அந்த 'சீக்கிரத்தை'யே விக்கறாங்க. சூட் ரூம்காரங்களுக்கு, பல தடவை வந்தவங்களுக்கு முன்னுரிமை. அது இல்லாதவங்க தனியா காசு கட்டி வாங்கிக்கலாம். கார்னிவல்ல 'ஃபாஸ்டர் டு த ஃபன்', ராயல் கரீபியன்ல 'த கீ'. விக்கட்டும், வியாபாரம். ஆனா காசு கொடுத்து வாங்கினவனுக்கு மட்டும் தனி வாசல், தனி ஆள், தனிக் கயிறு எல்லாம் போட முடியுது. அப்ப சாதாரண ஸ்லாட்டுக்கும் ஒரு கயிறு கட்ட முடியாதா?

முடியும். விமானத்துல செஞ்சு காட்டிட்டாங்க. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024 நவம்பர்ல நூறுக்கும் மேற்பட்ட விமான நிலையங்கள்ல ஒரு ஏற்பாடு கொண்டு வந்துச்சு. உங்க குரூப் வரதுக்கு முன்னாடி போய் போர்டிங் பாஸை ஸ்கேன் பண்ணினா மிஷின் சத்தம் போட்டு மறுத்துடும். உங்க முறை வரும்போது வாங்கன்னு அனுப்பிடுவாங்க. யாரும் செத்துப் போயிடல. கப்பல் போர்டிங் பாஸ்லயும் பார்கோடு இருக்கு, நேரமும் இருக்கு. ஸ்கேன் பண்றதும் பண்றாங்க. என்ன, அந்த நேரத்தைப் பாக்கறதில்ல.

நான் கேக்கறது ராக்கெட் சயின்ஸ் இல்ல:

1. டெர்மினல் வாசல்ல பெரிய பலகை. 'இப்போது 12:30 ஸ்லாட்'. ஸ்கேன் பண்ற இடம் கடைசில வேணாம், வரிசை தொடங்கற இடத்துல வைங்க.

2. முன்னாடி வந்தவங்களைத் திருப்பி அனுப்ப வேணாம். நிழல்ல நாற்காலி போட்டு உட்கார வைங்க. அவங்க நேரம் வரும்போது கூப்பிடுங்க.

3. 65 வயசு தாண்டினவங்க, நிக்க முடியாதவங்களுக்கு, கேக்காமலே உட்கார இடம். எங்க அம்மா மாதிரி கேக்கக் கூச்சப்படறவங்கதான் அதிகம்.

4. இதெல்லாம் முடியாதுன்னா போர்டிங் பாஸ்ல நேரம் போடறதை நிறுத்துங்க. 'முதல்ல வந்தவனுக்கு முதல் இடம்'னு நேர்மையா எழுதிடுங்க. நாங்களும் அதுக்குத் தகுந்த மாதிரி வந்துக்கறோம். நேரம் கொடுத்தா காப்பாத்து, இல்லைன்னா கொடுக்காத. அவ்வளவுதான்.

இப்ப ஒரு பாவ மன்னிப்பு. 2018-ல எங்க முதல் கப்பல் பயணம். 1 மணி ஸ்லாட். யாரோ சொன்னாங்கன்னு பத்தே முக்காலுக்குப் போய் நின்னேன். யாரும் கேக்கல. பதினொண்ணரைக்கு பஃபேல தட்டோட இருந்தேன். பெருமை தாங்காம 'க்ரூஸ் போறவங்களுக்குப் பத்து டிப்ஸ்'னு பதிவு வேற போட்டேன். முதல் டிப்ஸே 'ஸ்லாட்டைக் கண்டுக்காதீங்க'. அதுக்கு நாப்பத்தி சொச்சம் பின்னூட்டம், எல்லாம் 'சூப்பர் தல'ன்னு. அன்னைக்கு எனக்குப் பின்னாடி யாரோட அம்மா நின்னாங்களோ, நான் திரும்பிக்கூடப் பாக்கல.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு, 'பொழைக்கத் தெரிஞ்சவன்'. வரிசைல முந்தினா பொழைக்கத் தெரிஞ்சவன், நேரத்துக்கு வந்தா ஏமாளி. அன்னைக்கு வெயில்ல என் பொண்ணு கேட்டா, "அப்பா, அந்த அங்கிளுக்கு ரெண்டு மணிதானே, அவங்க ஏன் நமக்கு முன்னாடி?" பதில் சொல்ல வாய் வரல. ஏழு வருஷம் முன்னாடி அந்த அங்கிள் நான்தான்னு எப்படிச் சொல்றது.

அந்தப் பழைய பதிவை நேத்து ராத்திரி திருத்திட்டேன். முதல் டிப்ஸை அடிச்சுட்டு, கீழ காரணம் எழுதியிருக்கேன். பயணப் பதிவு போடற நண்பர்கள் பலர் பதிவுலயும் இதே டிப்ஸ் இருக்கு, லிங்க் கொடுத்து யாரையும் சங்கடப்படுத்த விரும்பல. முடிஞ்சா நீங்களும் தூக்கிடுங்க. கம்பெனி மாறுமோ மாறாதோ, நாம சொல்லிக் கொடுக்காம இருக்கலாம்.

பி.கு. 1: அம்மாவுக்கு மூணாம் நாள் வீக்கம் வடிஞ்சு மேல்தளத்துக்கு வந்துட்டாங்க. சுத்திப் பாத்துட்டு, "எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணிதான். கரையை விட்டு வரும்போதுதான்டா பாக்கணும்"னாங்க. அடுத்த தடவை வீல்சேருக்கு நானே எழுதிடுவேன், திட்டினாலும் பரவாயில்ல.

பி.கு. 2: 'நீ ஜன்னல் ரூம் எடுத்திருந்தா பிரச்சனையே இல்ல'ன்னு பின்னூட்டம் போட நினைக்கறவங்களுக்கு: தங்கமணி அதை ஏற்கனவே சொல்லிட்டாங்க.